மாதிரி கிட்டுக்கு ஸ்ப்ரே ப்ரைமர்: சிக்கனமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?



உங்கள் பள்ளிக் கழகத்தில் பிளாஸ்டிக் மாதிரி கிட் ஒட்டும் நடவடிக்கை நடத்துகிறீர்களா? கிட் வாங்கியாச்சு, மாணவர்கள் ஒட்டியும் முடிச்சாச்சு. அடுத்து சாயம் பூச வேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "டீச்சர், ப்ரைமர் அடிக்கணுமா? எது வாங்குறது?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் மூன்று வாரமாக உட்கார்ந்து 1/72 அளவில் ஒரு விமானம் ஒட்டினார். கழகக் கணக்கில் பணம் குறைவு என்று நான் ஹார்ட்வேர் கடையில் கிடைத்த மலிவான டின் ஒன்றை வாங்கி வந்து அடித்தேன். ஒரு நிமிடத்தில் இறக்கையின் மேல்பகுதி சுருங்கி, மெல்லிய கோடுகள் எல்லாம் கரைந்து போயின. "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் அதை அலமாரி மூலையில் வைத்துவிட்டார். அடுத்த வாரம் கழகத்துக்கே வரவில்லை. டின்னில் சில வெள்ளி மிச்சம் பிடித்தேன். ஒரு மாணவரின் ஆர்வம் போய்விட்டது. அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

ப்ரைமர் எதற்கு?

ப்ரைமர் என்பது அடிப்பூச்சு. அது மூன்று வேலை செய்கிறது. முதலாவது, வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் சாயம் பிடித்து நிற்க உதவுகிறது. இரண்டாவது, சாம்பல், பச்சை, வெள்ளை என்று பல நிறத்தில் இருக்கும் உதிரிகளை ஒரே நிறமாக்குகிறது. அதனால் மேல்சாயம் எங்கும் ஒரே மாதிரி தெரியும். மூன்றாவது, பசை வழிந்த இடம், இடைவெளி, கீறல் ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. சாயம் பூசுவதற்கு முன்பே அவற்றை மணல்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

எல்லா கிட்டுக்கும் இது தேவையா? தேவையில்லை. குண்டாம் வகை கிட்டுகளின் உதிரிகள் பெரும்பாலும் நிறம் கலந்த பிளாஸ்டிக்கிலேயே வருகின்றன. பசை இல்லாமல் பொருத்தி, கோடு வரைந்து, ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஒரே சாம்பல் பிளாஸ்டிக்கில் வரும் விமானம், டாங்கி, கப்பல் போன்றவற்றுக்குத்தான் ப்ரைமர் நல்ல பலன் தரும். ஆகவே, வாங்கப்போகும் முன் முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கிட்டுக்கு இது வேண்டுமா?" என்பதே. வேண்டாம் என்றால் செலவே இல்லை.

இன்னொரு விஷயம். "ப்ரைமர் பிடிக்கவில்லை, உரிந்து வருது" என்று சொல்லும் பல இடங்களில் குற்றவாளி ப்ரைமர் இல்லை. அச்சிலிருந்து உதிரிகள் சுலபமாகக் கழன்று வரத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கும். மாணவர்களின் விரல் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவிக் காயவைத்த பிறகு அடித்துப் பாருங்கள். காசில்லாத வேலை, ஆனால் பலன் பெரிது.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

1. மாடல் கடை ப்ரைமர். தாமியா நிறுவனத்தின் சர்ஃபேஸ் ப்ரைமர் 100 மி.லி., 180 மி.லி. டின்களில் வருகிறது. மிஸ்டர் ஹாபியின் மிஸ்டர் சர்ஃபேசர் 500, 1000, 1200, 1500 என்ற எண்களோடு வருகிறது. இந்த எண்களை மணல்தாள் எண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: எண் கூடக் கூட பூச்சு நைசாக இருக்கும். 500 பள்ளங்களை நிரப்ப; 1000 பொது வேலைக்கு; 1500 பளபளப்பான மேல்சாயத்துக்கு. பள்ளிக்கு 1000 போதும். இவை எல்லாம் பிளாஸ்டிக் கிட்டை மனதில் வைத்தே தயாரிக்கப்பட்டவை.

2. ஹார்ட்வேர் கடை, வாகன உதிரிக்கடை ப்ரைமர். நிப்பான் பெயிண்டின் பைலோக்ஸ் நமக்கெல்லாம் தெரியும். ஸ்ப்ரே சாயம் எதுவானாலும் 'பைலோக்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஜோகூரிலேயே வளர்ந்து, மோட்டார் சைக்கிள் சாயத்துக்குப் பெயர் பெற்ற சாமுராய் ஸ்ப்ரேயும் உண்டு. அந்நிறுவனம் 2017இல் சிங்கப்பூர் பங்குச் சந்தையின் கேட்டலிஸ்ட் பிரிவில் இடம்பெற்றது. இப்படிப்பட்ட டின்கள் இரும்பு, மரம், வாகனப் பாகங்களுக்காகச் செய்யப்பட்டவை. அளவு பெரிது, விலை குறைவு. கிட் பிளாஸ்டிக்கில் சில நன்றாக வேலை செய்யும், சில கெடுத்துவிடும்.

3. நீர் கலந்த அக்ரிலிக் ப்ரைமர். வாயேஹோ போன்ற நிறுவனங்களின் குப்பிகள் 17, 60, 200 மி.லி. அளவுகளில் உள்ளன. தூரிகையாலும் பூசலாம். இது ஸ்ப்ரே டின் இல்லைதான். ஆனால் தொடக்கப்பள்ளிக்கு இதுவே சரியான தேர்வாக இருக்கலாம். ஏன் என்று கீழே பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை: வாகனக் கடையில் '2K' என்று எழுதிய டின்களும் இருக்கும். இரண்டு கூறுகள் கலந்து இறுகும் பூச்சு என்பது அதன் பொருள். இவ்வகைப் பலவற்றின் இறுக்கியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். வாகனப் பட்டறைக்கு அது தகும். பள்ளிக்கு வேண்டவே வேண்டாம்.

மலிவான டின் ஏன் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது?

கிட் பிளாஸ்டிக் பெரும்பாலும் போலிஸ்டைரின். அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் போலிஸ்டைரினைக் கரைக்கும். கிட் ஒட்டும் பசையே இப்படித்தான் வேலை செய்கிறது: இரண்டு பக்கத்தையும் சிறிது கரைத்து ஒன்றாக்குகிறது. இரும்புக்கான ஸ்ப்ரேயில் இந்தக் கரைப்பான்கள் அதிகமாக இருந்தால், அருகில் பிடித்து ஈரமாக அடிக்கும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே கரைந்துவிடும். என் மாணவரின் இறக்கைக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது பிரச்சினை தடிமன். ஒரு கணக்கு போடுவோம். பூச்சின் தடிமன் 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 1/72 மாதிரியில் அதை 72ஆல் பெருக்கினால் 3.6 மி.மீ. வருகிறது. உண்மையான விமானத்தின் மேல் மூன்றரை மில்லிமீட்டர் சாயம் அப்பினால் எப்படி இருக்கும்? ஆணித் தலைகள், கதவுக் கோடுகள் எல்லாம் மூடிப்போகும். கார் கதவில் கீறலை நிரப்பும் ப்ரைமர் அந்த வேலைக்கு நல்லது. சிறிய மாதிரிக்கு அதே குணம் கெடுதல்.

அதே காரணத்தால் அந்த டின்னுக்குச் சரியான இடமும் உண்டு. பள்ளியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால், அச்சிட்ட பொருளின் படிப்படியான வரிகளை நிரப்ப வாகனக் கடையின் நிரப்பு ப்ரைமர் கைகொடுக்கும். மரம், அட்டை மாதிரிகளுக்கும் விலை கூடிய டின் தேவையில்லை. காட்சித்தளத்துக்குப் பயன்படுத்தும் வெள்ளை நுரைப் பலகையின் மேல் மட்டும் எந்த ஸ்ப்ரே டின்னையும் அடிக்காதீர்கள். அதுவும் போலிஸ்டைரின்தான், மெல்லிய நுரையாக இருப்பதால் மாடல் கடை டின்கூட அதைக் குழிகுழியாக்கிவிடும்.

உண்மையில் எது மலிவு?

விலை கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளவை கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே. உங்கள் வட்டாரக் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஹார்ட்வேர் டின்: 400 மி.லி., 10 ரிங்கிட். ஒரு மி.லி.க்கு 2.5 சென்.
மாடல் கடை டின்: 180 மி.லி., 45 ரிங்கிட். ஒரு மி.லி.க்கு 25 சென்.

பத்து மடங்கு வித்தியாசம்! ஆனால் நாம் மில்லிலிட்டரைக் காட்சிக்கு வைப்பதில்லை, மாதிரிகளை வைக்கிறோம். 20 மாணவர்கள், ஆளுக்கு ஒரு சிறிய விமானம். மாடல் கடை டின் ஒன்றில் 10 விமானம் அடிக்கலாம் என்றால் இரண்டு டின், 90 ரிங்கிட். ஹார்ட்வேர் டின் ஒன்றே 20 விமானத்துக்கும் போதும் என்றால் 10 ரிங்கிட். மிச்சம் 80 ரிங்கிட். இப்போது, கிட் ஒன்றின் விலை 30 ரிங்கிட் என்றால், மலிவான டின்னால் மூன்று விமானம் கெட்டாலே 90 ரிங்கிட் நட்டம். மிச்சம் பிடித்தது முழுதும் போய், மேலே 10 ரிங்கிட்டும் போகிறது. அந்த மூன்று மாணவர்களின் முகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே சமயம், மலிவான டின் ஒன்றையும் கெடுக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் 80 ரிங்கிட் உண்மையிலேயே மிச்சம்தான். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு கிட் வாங்கலாம். ஆக, நமக்குத் தேவை அந்த உறுதி. அதை ஒரு பிளாஸ்டிக் கரண்டியே தந்துவிடும்.

கரண்டிச் சோதனை

முக்கோணக் குறிக்குள் 6 என்ற எண்ணோ, 'PS' என்ற எழுத்தோ உள்ள பிளாஸ்டிக் கரண்டிகளைத் தேடுங்கள். அவை போலிஸ்டைரின், அதாவது கிட்டின் பிளாஸ்டிக் இனம். கிட் உதிரிகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டுகளும் இருந்தால் இன்னும் நல்லது.

அ. கரண்டியைச் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். பின்பக்கத்தில் கத்தி முனையால் மெல்லிய கோடு ஒன்று கீறுங்கள்.

ஆ. பாதியை மறைத்து, மறுபாதியில் 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். இன்னொரு கரண்டியில் வேண்டுமென்றே நெருக்கமாக, ஈரமாக அடியுங்கள். மாணவர் கைக்குப் போனால் அதுதானே நடக்கும்!

இ. 24 மணி நேரம் விடுங்கள்.

ஈ. மூன்றைப் பாருங்கள். கரண்டி சுருங்கியோ இளகியோ இருக்கிறதா? கீறிய கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறதா? ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்தால் பூச்சு உரிகிறதா?

மூன்றிலும் தேறினால் அந்த டின்னைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள், விலை எவ்வளவு குறைவானாலும் சரி. மெல்லிய பூச்சில் தேறி, ஈரப் பூச்சில் தோற்றால் ஆசிரியர் கையால் மட்டும் அடிக்கலாம். இரண்டிலும் தோற்றால் அந்த டின் பள்ளிப் பூந்தொட்டிக்குப் போகட்டும். ஒரே பிராண்டிலும் வெள்ளை ப்ரைமர், சாம்பல் ப்ரைமர், மேல்சாயம் ஆகியவற்றின் சேர்மானம் வேறுபடலாம். எனவே ஒவ்வொரு டின் வகையையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

அறிவியல் பாடத்துக்கும் இது பொருந்தும். டின்னின் வகை தற்சார்பு மாறி. கோட்டின் தெளிவு சார்பு மாறி. கரண்டி வகை, தூரம், பூச்சு எண்ணிக்கை, காயும் நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். அடிப்பது ஆசிரியர், மறுநாள் உற்றறிந்து அட்டவணையில் பதிவது மாணவர்கள்.

நம் ஊர் வானிலை

வெளிநாட்டுக் காணொளிகளில் "டின்னை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள்" என்பார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. நமக்குப் பிரச்சினை ஈரப்பதம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். காற்றில் உள்ள நீராவி அதன்மேல் படியும். பூச்சு வெள்ளையாக மங்கிப்போகும். மழை வரும்போலிருக்கும் மாலையிலும், நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இது அடிக்கடி நேரும். பனி காய்ந்த பிறகு, காலை 10 மணிக்கு மேல், மழைமேகம் கூடுவதற்கு முன் அடிப்பது நல்லது. நேர் வெயிலிலும் காற்றிலும் வேண்டாம். துளிகள் போகும் வழியிலேயே காய்ந்து மாதிரியின் மேல் மாவு தூவியதுபோல் உட்காரும்.

டின்னை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மாதிரிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் நிறம் தெரியத்தான் செய்யும், பதறாதீர்கள். உதிரிகளைச் சாத்தே குச்சியில் கிளிப் போட்டு மாட்டி, எல்லோருடையதையும் ஒரே நாளில் அடித்தால் சாயம் வீணாவது குறையும். முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்துக் காற்று மட்டும் வரும்வரை அழுத்துங்கள். மூக்கு அடைக்காது, பாதி டின்னைத் தூக்கிப்போடும் நிலை வராது.

முக்கியமாக, டின்னைக் காரில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கும். வெயிலில் மூடிய கார் அந்த அளவைத் தாண்டக்கூடியது. டின் வெடித்தால் கார் கண்ணாடியோடு போகாது.

மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்

2019 மார்ச்சில் பாசீர் கூடாங் வட்டாரத்தில் நடந்ததை ஜோகூர் ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது. சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த ஆவியால் மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு ஸ்ப்ரே டின்னை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால், அதற்குப் பிறகு நம் பெற்றோர் இரசாயன வாடை என்றாலே பயப்படுகிறார்கள் என்றால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

சாதாரண முகக்கவசமும், என்95 கவசமும் சாயத் துளிகளைத் தடுக்கலாம். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அடிக்கும் ஆசிரியருக்கு அதில் ஒன்று வாங்குவதை ப்ரைமர் செலவோடு சேர்த்தே எழுதுங்கள். வகுப்பறையில், மின்விசிறி போட்டு, சன்னல் திறந்து அடிப்பது போதாது. திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். மாணவர்கள் தள்ளி நிற்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் யார் என்று முன்பே கேட்டுவையுங்கள். டின்னில் 'மூடா தெர்பாக்கார்' என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. உள்ளிருக்கும் உந்துவாயு எளிதில் தீப்பிடிக்கும். சிற்றுண்டிச்சாலை அடுப்புக்கு அருகில் கூடாது.

அடித்த மாதிரிகளை உடனே வகுப்பறைக்குள் கொண்டுபோகாமல், வாடை போகும்வரை வெளியே நிழலில் வையுங்கள். டின்களை அலமாரியில் பூட்டி வையுங்கள்; ஆவியை முகரும் பழக்கத்துக்கு நம் பள்ளி வழிகாட்டக் கூடாது. தின்னர் கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

எந்த மாணவருக்கு எது?

தொடக்கப்பள்ளி: ஸ்ப்ரே டின் மாணவர் கையில் வேண்டாம். தூரிகையால் பூசும் நீர்வழி ப்ரைமர் வாங்குங்கள். குப்பியில் 'பெராசாஸ்கான் ஆயர்' என்று இருக்கிறதா பாருங்கள். மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் நன்றாகக் காய விடுங்கள். தூரிகைக் கோடு கொஞ்சம் தெரியும். தெரியட்டும், தன் கையால் பூசியது என்ற மகிழ்ச்சி அதைவிடப் பெரிது. இந்தப் பூச்சை மணல்தாளால் தேய்த்தால் சில சமயம் தோலாக உரியும், ஆகவே பள்ளம் மேட்டை முன்பே சரிசெய்துவிடுங்கள்.

போட்டிக்குப் போகும் மாதிரி: மாடல் கடை டின், சாம்பல் நிறம், 1000 ரகம். ஆசிரியர் அடிக்க வேண்டும். ஒரு டின்னில் எத்தனை மாதிரி அடித்தீர்கள் என்று டின் மேலேயே கோடு போட்டுக் குறித்து வாருங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவு எழுதும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

இடைநிலைப்பள்ளி, எண்ணிக்கை அதிகம், பணம் குறைவு: கரண்டிச் சோதனையில் தேறிய ஹார்ட்வேர் டின். மாணவருக்குக் கற்றுக்கொடுக்கலாம், கவசம், திறந்தவெளி, ஆசிரியர் பார்வை மூன்றும் இருந்தால் மட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த விமானத்தை நான் தூக்கிப்போடவில்லை. சுருங்கிய இறக்கையைத் தேய்த்து, கறுப்பும் சாம்பலும் பூசி, 'தீப்பிடித்துத் தரையிறங்கிய விமானம்' என்று காட்சித்தளத்தில் வைக்கலாமா என்று அந்த மாணவரிடமே கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்கு அவரே ப்ரைமர் பூசினார், தூரிகையால். அதற்கு முன் ஒரு கரண்டியில் பூசிப் பார்க்கவும் மறக்கவில்லை.